'அண்ணா, எங்களோட சாப்பிட வாங்க!' - வெளிநாட்டு டூரில் டிரைவரையும் கைடையும் எப்படி அழைப்பது?

சிகிரியா பாறையில் ஏறி இறங்கிவிட்டு கண்டிக்குப் போகும் வழி. மதியம் 1 மணி. தம்புள்ளையைத் தாண்டி ஒரு ரெஸ்டாரன்ட் முன்னால் வேன் நின்றது. நாங்கள் நாலு பேர், ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு சென்னையிலிருந்து கிளம்பிய ஆபீஸ் கேங். கதவைத் திறந்துவிட்ட டிரைவர் அண்ணா, கட்டடத்தின் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. நாம ஏசியில உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் மட்டும் தனியாகவா? "அண்ணா, எங்களோட வாங்க" என்றோம். "பரவாயில்ல" என்றார். விடுவோமா? இரண்டு பேர் போய், கிட்டத்தட்ட கையைப் பிடித்து இழுத்து வந்தோம். மெனு கார்டைப் பார்த்துவிட்டு ஒரு லைம் ஜூஸ் மட்டும் சொன்னார். பசி இல்லையாம். நாங்கள் ஒரு மணி நேரம் சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார்.

மறுநாள் பேச்சுவாக்கில்தான் விஷயம் தெரிந்தது. அந்த ரெஸ்டாரன்டின் பின்பக்கம் டிரைவர்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. சோறு, பருப்பு, மீன் குழம்பு என அவருக்கான சாப்பாடு அங்கே தயாராக இருந்திருக்கிறது. அதுவும் இலவசமாக! எங்கள் அன்பால் அவருக்குச் சாப்பாடும் போச்சு, ஓய்வும் போச்சு. அன்று இரவு எங்களை ஹோட்டலில் இறக்கிவிட்ட பிறகுதான் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏண்ணா சொல்லல?" என்று கேட்டதற்கு சிரித்தார். கெஸ்ட் கூப்பிடும்போது எப்படி முடியாது என்று சொல்வது?

இலங்கை, வியட்நாம், பாலி, எகிப்து என்று காரும் டிரைவருமாக டூர் போகிற பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். கூப்பிடுவதா, வேண்டாமா? பில் யார் கட்டுவது? கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

அவர் எங்கே சாப்பிடுவார்?

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். இலங்கையில் பல நாள் டூருக்கு வருபவர் பெரும்பாலும் டிரைவராகவும் கைடாகவும் இருப்பார். இப்படி வேலை செய்பவர்களுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. டூரிஸ்ட்டுகள் அதிகம் வரும் ஹோட்டல்கள் பலவற்றில் டிரைவர்கள் தங்கத் தனி அறையும், சாப்பாடும் உண்டு. வழியில் இருக்கும் பெரிய ரெஸ்டாரன்ட்கள் பலவும், வாடிக்கையாளர்களை அழைத்து வரும் டிரைவருக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகின்றன. வியட்நாம், பாலி போன்ற இடங்களிலும் இந்த வழக்கம் இருக்கிறது.

ஆக, அவர் பின்பக்கம் போகிறார் என்றால் அவரை யாரோ ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அங்கே மற்ற டிரைவர்கள் இருப்பார்கள். தன் மொழியில் பேசலாம், கையால் பிசைந்து சாப்பிடலாம், வீட்டுக்கு ஒரு போன் போடலாம். காலையிலிருந்து நமக்காக ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த அரைமணி நேரம் ரொம்பவே முக்கியம்.

ஆனால், எல்லா இடத்திலும் இந்த வசதி இருக்காது. நாமே ஆன்லைனில் புக் செய்யும் சின்ன ஹோம்ஸ்டேக்களில் பெரும்பாலும் டிரைவருக்கு அறையும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. நாம் மாடியில் வியூ பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் காரிலேயே தூங்கவும் நேரலாம். அதனால் கிளம்புவதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். டூர் ஏஜென்ட்டிடம், "டிரைவரோட சாப்பாடு, தங்குற செலவு பேக்கேஜ்ல இருக்கா, இல்ல தினப்படியா கொடுக்கிறீங்களா?" ஹோம்ஸ்டேக்காரரிடம், "டிரைவர் தங்க இடம் இருக்கா?"

எத்தனை முறை கூப்பிடலாம்?

ஒரு முறை. அதுவும் மறுக்க வழி வைத்து.

நம் ஊரில் ஒரு தடவை 'வேண்டாம்' என்றால் அது மரியாதைக்கு. மூன்று தடவை வற்புறுத்தினால்தான் உபசரிப்பு. வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் இது சரி. டிரைவரிடம் நாம் காசு கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். கடைசி நாள் டிப்ஸும் ரிவ்யூவும் நம் கையில். நாம் மூன்றாவது தடவை கூப்பிடும்போது அது அவர் காதில் உத்தரவாக விழலாம்.

"எங்களோட சாப்பிடுறீங்களா, இல்ல கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணுமா? எதுனாலும் ஓகே" என்று கேட்டுப் பாருங்கள். 'ரெஸ்ட்' என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடலாம்.

சேர்ந்து சாப்பிடத்தான் ஆசையா? இடத்தைத் தேர்வு செய்யும் வேலையை அவரிடமே கொடுங்கள். "நீங்க வழக்கமா சாப்பிடுற கடைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்." சோறு, கறி கிடைக்கும் ரோட்டோரக் கடையில் அவர் கூச்சப்பட மாட்டார். கமிஷனுக்காக ஒரே மாதிரி டூரிஸ்ட் பஃபேக்களில் நிறுத்துகிறாரோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. நமக்கும் பில் குறையும்.

பில் யாருடையது?

அழைத்தவர்தான் கட்ட வேண்டும். இதை உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "இது எங்களோட ட்ரீட்" என்று ஒரு வார்த்தை போதும். இல்லையென்றால் மெனுவில் இருப்பதிலேயே விலை குறைந்ததைத் தேடிக்கொண்டிருப்பார், எங்கள் டிரைவர் அண்ணாவின் லைம் ஜூஸ் மாதிரி.

சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம் என்பதற்காக டிப்ஸைக் குறைக்காதீர்கள். அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது டிப்ஸைத்தான்.

சில இடங்களில் கைடின் சாப்பாட்டுச் செலவு நம் பொறுப்பு என்பது முன்பே பேசப்பட்ட விஷயம். ஜப்பானில் 'குட்வில் கைடு' என்ற தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஊரைச் சுற்றிக் காட்டக் கட்டணம் வாங்க மாட்டார்கள். பொதுவாக, கூட வரும் நேரத்தில் அவர்களுடைய ரயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம், மதிய சாப்பாடு ஆகியவற்றை நாம்தான் ஏற்க வேண்டும். இது தெரியாமல் 'தனித்தனி பில்' கேட்டால் சங்கடம்தான்.

நோன்பு, விரதம், பீர்

ரமலான் மாதத்தில் எகிப்து, மொராக்கோ போன்ற நாடுகளுக்குப் போனால் உங்கள் டிரைவர் பகல் முழுக்க நோன்பு இருக்கலாம். நீங்கள் சாப்பிடுவதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். "தண்ணிகூடவா குடிக்கக் கூடாது?" என்று மட்டும் தினமும் கேட்காதீர்கள். அதைவிட முக்கியமான விஷயம் சூரிய அஸ்தமன நேரம். இஃப்தாருக்கு அவர் வீட்டில் இருக்கும்படி பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்துக்கு எங்கே வண்டியை நிறுத்துவது என்று காலையிலேயே பேசிவிடுங்கள்.

எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியும் பால் பொருள்களும் தொட மாட்டார்கள். அந்த நாள்களில் உங்கள் கைடு சிக்கனை மறுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். வெஜிடேரியன் மக்களே, அன்று அவரோடு ஒரே தட்டில் தைரியமாகச் சாப்பிடலாம்! அதே வெஜிடேரியன் கேங்குக்கு இன்னொன்று: உங்களோடு உட்காருகிறவர் மீன் ஆர்டர் செய்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். சங்கடமாக இருக்கும் என்றால் தனித்தனியாகச் சாப்பிடுவதே இருவருக்கும் நல்லது.

அடுத்தது பீர். வியட்நாமில் 2020 ஜனவரி முதல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான வரம்பு பூஜ்யம். ஒரு கிளாஸ்கூட அனுமதி இல்லை. "ஒண்ணே ஒண்ணுண்ணா" என்று நீட்டும் அந்த கிளாஸால் அவருக்கு அபராதம் வரும். எந்த நாடாக இருந்தாலும் வண்டி ஓட்டுபவருக்கு மதுவை நீட்டாதீர்கள். அவர் ஓட்டப்போகும் வண்டியில் இருக்கப்போவது நாம்தான்.

சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம்

நேரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டூரிஸ்ட் பஸ் டிரைவர்களுக்கு ஒரு விதி உண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். நாம் தனியாக எடுக்கும் காருக்கு அந்த விதி பொருந்தாது. வண்டி எப்போது நிற்க வேண்டும் என்பதை நம் பிளான்தான் முடிவு செய்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் அருவி, டீ ஃபேக்டரி என்று நாம் இறங்கி ஏறிக்கொண்டே இருப்போம். நாம் பின்சீட்டில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும்போது முன்னால் இருப்பவர் சாப்பிட்டாரா என்பது நினைவுக்கு வராது.

வண்டியை விட்டு இறங்கும்போதே, "ஒன்றரை மணி நேரம் ஆகும், நீங்க நிதானமா சாப்பிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். 'இதோ வந்துடறோம்' என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், எப்போது கூப்பிடுவார்களோ என்று அவர் வண்டியை விட்டு நகரவே மாட்டார். நடந்துபோகும் தூரத்தில் ஹோட்டல் இருந்தால் டின்னருக்கு அவரைக் காக்க வைக்காமல் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் டூரின் கடைசி நாள், ஏர்போர்ட் போகும் வழியில் நீர்கொழும்பில் மதிய சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். பாடம் கற்றிருந்தோம் இல்லையா? "அண்ணா, எங்களோட சாப்பிடுறீங்களா, இல்ல ரெஸ்ட்டா?" என்று கேட்டோம். கொஞ்சமும் யோசிக்காமல் "ரெஸ்ட்" என்றார். நாங்கள் சாப்பிட்டு வந்தபோது வேனின் முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். டேஷ்போர்டில் காலியான சோற்றுப் பார்சல்.

ஃபிளைட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கதவைத் தட்டாமல் மர நிழலில் இருபது நிமிடம் நின்றோம்.