ஆம்ஸ்டர்டாம் போகும் முன் சதுரங்கப்பட்டினம்

என் தங்கை மகனுக்கு நெதர்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் கைப்பேசியில் காட்டியது கல்லூரியை அல்ல, ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்களை. வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போதே போய் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். "ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன் மாமா, லாட்ஜ் ரூம் எடுக்கிற காசுல பாதிகூட ஆகாது" என்றான். தங்கைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "முன்னப் பின்னத் தெரியாத எட்டுப் பேரோட ஒரே ரூம்ல படுக்கிறதா? தொழுகை என்னாவது, சாப்பாடு என்னாவது?" என்று என் பக்கம் திரும்பினாள். வேலை நிமித்தமாகப் போன இடத்தில் நானும் அப்படிச் சில நாள் தங்கியவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

அவர்கள் இருவரிடமும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் வீடுகள் நம்மிடையே இப்போது நிறைய. கேள்விகளும் ஏறக்குறைய இதேதான்.

ஹாஸ்டல் என்றால் நமக்குக் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அது வழிப்போக்கர் விடுதி. அங்கே வாடகை அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று அடுக்குக் கட்டில்கள் இருக்கும். ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறை, பல இடங்களில் சமையலறையும் உண்டு. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். ஏழைப் பிள்ளைகளும் ஊர் சுற்றிப் பார்க்க இப்படி எளிய தங்குமிடங்கள் வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்தது. 1912-இல் ஆல்டனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலைபெற்றது. பல நாட்டு விடுதிச் சங்கங்கள் கூடி ஒரே கூட்டமைப்பாக ஆனது 1932-இல். அந்தக் கூட்டம் நடந்த ஊரே ஆம்ஸ்டர்டாம்தான்.

நமக்கு இது புதிதும் அல்ல. சராய், முஸாபிர்கானா என்ற சொற்கள் நம் பெரியவர்கள் வாயில் புழங்கியவை. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே கட்டிய சித்தீக் சராயில் தங்கி ரயில் பிடித்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். தங்கையிடம் இதைச் சொன்னதும் பாதிக் கோபம் இறங்கியது. நம் அத்தாவே அங்கே தங்கியிருக்கிறார் என்று அவளுக்கே நினைவு வந்துவிட்டது.

இனி காசு. ஆம்ஸ்டர்டாமில் ஹாஸ்டல் கட்டிலும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் விலை கூடிய ஊர்களில் அது ஒன்று. கோடையிலும் வார இறுதியிலும் அதே கட்டிலின் விலை கிடுகிடுவென ஏறும். அதற்கு மேல் 2024 முதல் தங்கும் கட்டணத்தில் 12.5 சதவீதம் நகராட்சிக்குச் சுற்றுலா வரி. திங்கள் முதல் வியாழன் வரை தங்குவது, இல்லாவிட்டால் ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வரும் ஹார்லம் ஊரில் தங்கிப் பகலில் மட்டும் வருவது, இவை இரண்டும் பலன் தரும். ஊருக்குள் நடந்தே பார்த்துவிடலாம். சென்ட்ரல் நிலையத்தின் பின்பக்கம் ஐ என்னும் நீர்ப்பரப்பைக் கடக்கும் படகுகளுக்குக் கட்டணமே இல்லை. கால்வாய்ச் சவாரிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அதில் போய் வரலாம். நான் இரண்டு முறை போய் வந்தேன். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டில் வாங்கத் தேவையில்லை.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். தொழுகைக்கு இடம் கிடைப்பது கடினம் அல்ல. ரோசன்கிராக்ட் தெருவில், முன்பு கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் ஃபாத்திஹ் பள்ளிவாசல் இருக்கிறது. துருக்கி, மொராக்கோ நாட்டு மக்கள் அங்கே நிறைய வாழ்வதால் ஹலால் இறைச்சிக் கடைக்கும் அலைய வேண்டியதில்லை. சிரமம் நேரத்தில்தான். ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிவிடும். இஷா நள்ளிரவை ஒட்டி, ஃபஜ்ர் அதற்குச் சில மணி நேரத்திலேயே. எட்டுப் பேர் உறங்கும் அறையில் பாங்கு அலாரத்தைச் சத்தமாக அலறவிட்டால் மறுநாள் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒளூ நீர் சிந்திய தரையை நாமே துடைத்துவிட வேண்டும். பொதுச் சமையலறையில் நேற்று அதே சட்டியில் பன்றி இறைச்சி வறுத்திருப்பார்கள், ஆகவே சின்னச் சட்டி ஒன்றும் கரண்டி ஒன்றும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நிம்மதி. பெண் பிள்ளைகளுக்கென்று தனி அறை உள்ள ஹாஸ்டல்களும், கணவன் மனைவி தங்க இருவர் அறை தருபவையும் உண்டு. மதுக்கூடத்தோடு சேர்ந்து கூத்தும் கும்மாளமுமாக நடப்பவையும் உண்டு. ஏற்கெனவே தங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். இன்னொன்றையும் அவனிடம் அழுத்திச் சொன்னேன். அந்த ஊரில் 'காபி ஷாப்' என்று பலகை இருந்தால் உள்ளே விற்பது கஞ்சா. காபி குடிக்க வேண்டுமானால் 'கஃபே' என்று எழுதிய இடத்துக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் வாயால் சொன்னது. பையன் தலையாட்டிய விதத்திலேயே பாதி காற்றில் போனது தெரிந்தது. "ரெண்டு நாள் ஒத்திகை பார்த்துடலாம், வா. ஒரு பை, ரெண்டாயிரம் ரூபாய், பஸ் மட்டும்" என்றேன். மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் என்றதும் சிரித்தான். முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் என்ன ஒத்திகை என்பது அவன் எண்ணம். (முப்பதே கிலோமீட்டர் என்பதால் கஸ்ரும் இல்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது உலமாக்கள் பெரும்பாலும் சொல்லும் அளவு.)

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்து மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன் ஒரு பாலத்தைக் கடக்கும். அந்தப் பாலத்துக்கு அருகிலேயே இறங்கிக்கொண்டோம். கீழே ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய். அவன் இந்தப் பாலத்தை எத்தனையோ முறை பைக்கில் கடந்திருக்கிறான், பெயர் தெரியாது. 1806-இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கியது இது. தெற்கே மரக்காணம் வரை நீண்டது பிற்பாடு. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக அடையாறு ஆற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் வெட்டினார்கள். பசியில் வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள், கால்வாய்க்குப் பெயர் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனுடையதாயிற்று. ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு உப்பும் விறகும் நெல்லும் படகில் போய்வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இதே கால்வாயில் படகில் வந்துதான் 'மாவலிபுரச் செலவு' பாடினார். பட்ஜெட் பயணம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதை அன்றே செய்தவர்.

இப்போது சென்னைக்குள் இந்தக் கால்வாயில் சாக்கடை ஓடுகிறது, பறக்கும் ரயிலின் தூண்களும் அதற்குள்ளேயே நிற்கின்றன. 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். மாமல்லபுரம் பக்கம் பரவாயில்லை, வலை வீசுபவர்களும் கொக்குகளும் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் உயிரோடு இருக்கிறது. பையன் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். அதற்குள் அவன் தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாளுக்கு ஐந்து சட்டை, இரண்டு ஜோடிச் செருப்பு, மடிக்கணினி என்று அடைத்து வந்திருந்தான். அங்கிருந்து ஒத்தவாடைத் தெரு வரை நடந்ததே அவனுக்கு முதல் பாடம்.

ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குத் தெருவும்தான் மாமல்லபுரத்தில் முதுகுப்பைப் பயணிகளின் பேட்டை. வெள்ளைக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கும் சிறு விடுதிகள் கடலை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. வார நாளில் ஆயிரம் ரூபாயை ஒட்டியே இருவருக்கு அறை கிடைக்கும். சனி, ஞாயிறு வந்தால் கதை வேறு. நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் ஒரு வாடகை சொல்லி, ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு ஏ.சி.க்குத் தனி என்றார்கள். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனோம். முதலில் அறையைப் பார்ப்பது, மொத்தம் எவ்வளவு என்று கேட்பது, பிறகுதான் அடையாள அட்டையைக் கொடுப்பது. இந்த வரிசை எந்த ஊரிலும் மாறக் கூடாது. மீன் கடையிலும் அப்படித்தான். எடையும் விலையும் பேசாமல் வறுக்கச் சொல்லிவிட்டால் பிறகு வாய் திறக்க முடியாது.

மாமல்லபுரத்தின் கோயில்களைப் பற்றி எல்லோரும் அறிவோம், 1984 முதல் உலக மரபுச் சின்னம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், இணையத்தில் எடுத்தால் 35. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. அவன் கல்லைவிட அதிகம் பார்த்தது கல் தச்சர்களை. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே தெருத் தெருவாக நடந்தோம். அன்றிரவு அவன் கைப்பேசி ஃபஜ்ருக்கு அலறிய அலறலில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிவிட்டார். சொன்னேன் அல்லவா என்று நான் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் கல்பாக்கம் பேருந்து. தெற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். அணுமின் நிலையத்தால் இன்று கல்பாக்கத்தை எல்லோருக்கும் தெரியும், சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றுவட்டாரத்தாரே மறந்துவிட்டார்கள். கடலைப் பார்த்தபடி செங்கல்லில் நிற்கிறது ஒல்லாந்தர் கோட்டை. வாசலில் பீரங்கி, உள்ளே பெரிய தானியக் கிடங்குகள், இடிந்த காவல் மேடை, ஒரு மூலையில் சுவர் சூழ்ந்த கல்லறைத் தோட்டம். அந்தக் கல்லறைகளின் மேல் பலகைக் கற்களில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பையன் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றான்.

அவனுக்கு அங்கே உட்கார வைத்துச் சொன்னது இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602-இல். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் இன்று எல்லோரும் படம் பிடிக்கும் அந்த வளையக் கால்வாய்களை வெட்டத் தொடங்கியதும் அதே 1613-இல்தான். சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் அனுப்பிய நெய்த துணிதான் ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் விலையானது. இந்தக் கரையின் நெசவாளிகள் நெய்தார்கள், நம் மரக்காயர்களும் சூலியாக்களும் ஏற்கெனவே ஓட்டிய அந்த வணிகத்தில் டச்சுக்காரர்கள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். துணி மட்டும் அல்ல. பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கிய மனிதர்களையும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அடிமை வணிகத்தில் தம் நகரத்துக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021 ஜூலை 1 அன்று மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கால்வாய் வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டு, அதில் கொக்கி தொங்கும். சரக்கு மூட்டைகளைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றியது அதில்தான். உள்ளே படிக்கட்டு ஏணிபோல் செங்குத்து, ஓராள் ஏறும் அகலம். இன்று ஹாஸ்டல்களாகியிருக்கும் பழைய வீடுகளிலும் அதே படிக்கட்டுதான். "மூணாவது மாடியில கட்டில் கிடைச்சா இந்தப் பையைத் தூக்கிட்டு ஏறுவியா?" என்றேன். பதில் சொல்லவில்லை.

1781-இல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று இதே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. டச்சுக்காரர்களின் காலம் அப்போதே முழுதாக முடிந்துவிடவில்லை. கல்லறையில் ஒரு பெயரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான். அங்கே போய் அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று தேடிப் பார்க்கப் போகிறானாம்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தோம். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. நடைப்பயணத்தில் ஒரு செருப்பின் வார் அறுந்தது தனிக் கணக்கு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னும் குறையும், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊருக்கு எடுத்துப் போக வேண்டியவற்றின் பட்டியலில் அவனே மூன்று சட்டைகளை அடித்துவிட்டு, சின்னச் சட்டி என்று எழுதினான். தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் பொட்டிக்குப் பூட்டு யாரு வாங்குறது?" என்றாள்.