உதவும் புத்தகத்துக்கு நாரத்தங்காய்ப் பக்குவம்

பட்ட துயரத்தை எழுதிய எல்லாப் புத்தகங்களும் அடுத்தவருக்கு உதவிவிடுவதில்லை. உதவுகிற புத்தகம் எப்படி உருவாகிறது என்று கேட்பவர்களை, உப்பு நாரத்தங்காய் போடுகிறவரின் கைவேலையைப் பார்க்கச் சொல்வேன்.

பச்சை நாரத்தங்காயை வாயில் வைக்க முடியாது. சூடு ஆறாத துயரத்தில் எழுதிய நாட்குறிப்பும் அப்படித்தான். எழுதத்தான் வேண்டும், காயில்லாமல் ஊறுகாய் ஏது? ஆனால் அதையே இலையில் வைக்கக் கூடாது.

காயைச் சுருளாக நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைப்பார்கள். உப்புப் படாத இடத்தில் பூசணம் பிடிக்கும். எழுத்துக்கு உப்பு, மற்றவர்களின் அனுபவமும் துறை அறிந்தவர்களின் சொல்லும். அமெரிக்கப் பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். உடனே புத்தகம் எழுதவில்லை. 1935-இல் ஓஹையோவின் ஏக்ரன் நகரில், தன்னைப் போலவே குடியில் சிக்கியிருந்த மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஒருவருக்கொருவர் பேசியே ஸ்மித் குடியை விட்டார், வில்சன் மறுபடி விழாமல் நின்றார். பிறகு இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். 1938-இல்தான் எழுத உட்கார்ந்தார். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் சில்க்வொர்த்தின் கருத்தும் நூலில் இடம்பெற்றது.

அடுத்தது வெயில். பகலெல்லாம் மாடியில் காய்ந்த சுருள், மாலையில் ஜாடியிலிருக்கும் உப்புத் தண்ணீருக்கே திரும்பும். மறுநாள் மறுபடி வெயில். திருத்தி எழுதுவதும் இதே வேலை. விலகி நின்று வெட்டவும் வேண்டும், அந்த வலிக்குள் திரும்பிப் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். முதலில் வெட்ட வேண்டியவை பழி தீர்க்கும் பத்திகள். எழுதியவருக்கு அவை ஆறுதல், படிப்பவருக்குச் சுமை. அதற்காகக் கசப்பை முழுக்க எடுத்துவிடவும் கூடாது. சறுக்கிய நாட்களை மறைத்து வெற்றியை மட்டும் சொல்லும் நூலை, இன்று விழுந்து கிடப்பவர் நம்பமாட்டார்.

பக்குவம் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுவே உயிரான கட்டம். வில்சனும் நண்பர்களும் அச்சுக்கு முன் சுமார் 400 படிகளைப் பலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். ‘நீங்கள் இப்படிச் செய்ய வேண்டும்’ என்றிருந்த தொனி, ‘நாங்கள் இப்படிச் செய்தோம்’ என்று மாறியது அப்போதுதான். கட்டளை போய்த் துணை வந்தது. 1939 ஏப்ரலில் அந்த நூல் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற பெயரில் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயர் போடப்படவில்லை.

தயிர்சாதத்துக்குச் சிறு துண்டு நாரத்தங்காய் போதும். நூலில் சொந்தக் கதையும் அந்த அளவே போதும். இன்றைய பதிப்பில் அந்நூலின் அடிப்படைப் பகுதி 164 பக்கம். அதில் பில்லின் சொந்தக் கதை 16 பக்கம்தான். மற்றவை குடிநோயின் இயல்பும் மீளும் வழியும். மனைவியருக்கும் முதலாளிகளுக்கும்கூடத் தனித்தனி அத்தியாயம் உண்டு.

உங்கள் கையெழுத்துப் படி தயாரென்றால், பதிப்பகத்துக்கு அனுப்புமுன், அதே சிக்கலில் இன்று தவிக்கும் நாலைந்து பேரிடம் கொடுங்கள். எந்தப் பக்கத்தைப் படித்தபின் எதைச் செய்து பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.