விருந்து வைத்தவர் சாப்பிடவில்லை

1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் ரத்தத்துக்கு முன்னால் வருவது சாப்பாடு. இங்கிலாந்திலிருந்து டிரான்சில்வேனியாவுக்கு ரயிலேறிய இளம் வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கர், வழியில் தின்றதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போகிறார். மிளகாய்த்தூள் தூக்கலான கோழிக்கறி நன்றாக இருந்தது, ஆனால் தாகம் தாங்கவில்லை. மணக்கப்போகும் மீனாவுக்குச் செய்முறை கேட்டு வைக்க வேண்டும். காலையில் மக்காச்சோளக் களியும் கறி அடைத்த கத்தரிக்காயும். இன்னொரு நாள் வெங்காயத்தோடு குச்சியில் கோத்துச் சுட்ட மாட்டிறைச்சி.

டிராகுலா பிரபுவின் கோட்டைக்குள் நுழைந்ததும் வறுத்த கோழி, பாலாடைக்கட்டி, சாலட், பழைய டோக்கே ஒயின். பிரபு மட்டும் கைநனைக்கவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்று நாசூக்காகச் சொல்லிவிடுகிறார்.

என்னைக் கேட்டால், நாவலின் முதல் திகில் இதுதான். பரிமாறுகிறவர் கடைசியில் உண்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது சட்டென்று உறைக்காது. பிறகு ஒருநாள் கதவிடுக்கு வழியாக ஹார்க்கர் பார்க்கிறார்: பிரபுவே மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கோட்டையில் வேலையாட்களே இல்லை! ஓநாய்களை ஏவுகிறவர், மூடுபனியாக மாறுகிறவர், தான் ஒரு வாய் தொட முடியாத உணவுக்குத் தானே மேசை போடுகிறார்.

இந்த வல்லமை எங்கே கிடைத்தது? ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. அந்நாட்டு நம்பிக்கைகள் குறித்து எமிலி ஜெரார்ட் 1885-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ஷோலமன்ஸ்’ என்ற பள்ளியை எடுத்துக்கொண்டார். மலைக்குள் சாத்தானே நடத்தும் பள்ளி. பத்துப் பேர் படிக்கலாம். ஒன்பது பேர் வீடு திரும்பலாம். பத்தாவது ஆள்தான் கட்டணம். டிராகுலாவும் அங்கே படித்தவர் என்கிறது நாவல்.

படித்து முடித்த பின்னும் கெடுபிடிகள் தீரவில்லை. வீட்டார் அழைக்காமல் முதல்முறை வாசற்படி மிதிக்க முடியாது. ஓடும் நீரை நினைத்த நேரத்தில் கடக்க முடியாது. விடிந்தால் சக்தி போய்விடும். லண்டனில் குடியேற 50 பெட்டி சொந்த மண்ணைக் கப்பலேற்ற வேண்டியிருக்கிறது. வரம் பெற்றவர் என்பதைவிட நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ரத்தமே உணவாக வாழும் பாலூட்டிகள் நிஜத்திலும் உண்டு: அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளில் வாழும் மூன்று வகை வௌவால்கள். ரத்தத்தில் பெரும்பங்கு நீர். மிச்சத்தில் புரதமே அதிகம், கொழுப்பும் சர்க்கரையும் சொற்பம். அதனால் உடம்பில் சேமிப்பு தங்குவதில்லை. இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் சாவுதான். குடித்த சில நிமிடங்களிலேயே நீரைச் சிறுநீராகக் கழித்து எடையைக் குறைத்துக்கொள்கின்றன. இனிப்பை உணர்த்தும் மரபணுவும் இவற்றில் செயலிழந்துவிட்டது. டிராகுலாவுக்குச் சாத்தான் போட்ட நிபந்தனைகளைவிட இவை கடுமையானவை.

ஆனால் வௌவால்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. கோஸ்டா ரிகாவில் ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் 1984-இல் அதை விவரித்தார்: வயிறு நிறைந்த வௌவால், பட்டினியோடு திரும்பிய கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. ரத்த உறவு இல்லாவிட்டாலும், நாள்பட்ட பழக்கம் இருந்தால் போதும்.

டிராகுலாவின் கோட்டையிலும் பசித்தவர்கள் இருக்கிறார்கள், மூன்று பெண்கள். நீ யாரையும் நேசித்ததில்லை என்று ஒருத்தி அவரை முகத்துக்கு நேரே ஏசுகிறாள். இன்றிரவு எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டதும், தரையில் கிடக்கும் மூட்டையை எடுத்துக்கொள்ளத் தலையசைக்கிறார். அதற்குள்ளிருந்து குழந்தையின் முனகல் கேட்டதாக ஹார்க்கர் எழுதுகிறார்.