ஒரு சொல்லுக்கு நாலு எதிரிகள்

கோவாவில் போர்ச்சுகீசியம் படிப்பவர்களுக்கு ஒரு மார்க் கேள்வி தாத்தாவின் நிலம் வரை போய் நிற்கிறது

‘திரெய்த்து’ என்று கரும்பலகையில் எழுதி எதிர்ச்சொல் கேட்டால், வகுப்பில் முதலில் எழும் குரல் ‘இஷ்கேர்து’ என்று சொல்லும். வலதுக்கு எதிர் இடது. சரிதான். ஆனால் திரெய்த்து என்றால் நேரானது என்றும் பொருள். அப்போது எதிர்ச்சொல் ‘தோர்த்து’, அதாவது கோணல். துணியின் வெளிப்பக்கமும் திரெய்த்துதான். அதற்கு எதிர் ‘அவெஸ்ஸு’, உள்பக்கம். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அதே சொல் உரிமை என்று ஆகிவிடுகிறது. அங்கே அதன் எதிரே நிற்பது ‘தெவேர்’ என்ற கடமை. ஒரே சொல்லுக்கு நாலு எதிரிகள். விடைத்தாளில் எழுதக் கொடுத்திருப்பதோ ஒரே ஒரு கோடு.

‘எதிர்ச்சொல் எழுதுக’, ‘ஒத்த சொல்லோடு பொருத்துக’ போன்ற கேள்விகளை விடத் திருத்துவதற்குச் சுலபமானவை மொழிப்பாடத்தில் கிடையாது. தமிழ்ப் பாடப் புத்தகங்களும் இதற்கு விலக்கல்ல. திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை உருப்போட்ட பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பாட்டாகவாவது மனதில் தங்கின. இன்றைய பட்டியல் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகிறது. மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்றுதான் பலரும் நினைப்பார்கள். போர்ச்சுகீசியம் படிக்கும் கோவா மாணவர்கள் விஷயத்தில் மட்டும் அப்படி நினைத்துவிட முடியாது.

கோவாவில் சில உயர்நிலைப் பள்ளிகளில் போர்ச்சுகீசியம் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. கோவா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரை படிக்கலாம். பணஜியில் போர்ச்சுகல் அரசின் கமோயென்ஸ் நிறுவனம் சார்ந்த மொழி மையம் இருக்கிறது. அதே நகரின் பழைய பகுதியான ஃபோண்டைனாஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஃபுந்தசாவ் ஓரியெந்த் அறக்கட்டளையும் பள்ளிகளில் இந்தப் பாடம் தொடர உதவி வந்திருக்கிறது.

1510ல் வந்த ஆட்சி 1961 டிசம்பர் 19ல் முடிந்தது. அடுத்த தலைமுறை ஆங்கிலத்துக்கும் மராத்திக்கும் கொங்கணிக்கும் போய்விட்டது. 1987ல் கொங்கணி ஆட்சிமொழியானது. பழைய குடும்பங்களில் பாட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாகப் போர்ச்சுகீசியம் சுருங்கியது. ஆனால் காகிதங்கள் எங்கும் போகவில்லை. நிலப் பதிவுகள், உயில்கள், ஞானஸ்நானப் புத்தகங்கள், பிறப்புப் பதிவேடுகள் எல்லாம் அந்த மொழியிலேயே தங்கிவிட்டன. 1595ல் தொடங்கப்பட்ட கோவா ஆவணக் காப்பகத்தின் அலமாரிகள் அவற்றால் நிறைந்திருக்கின்றன. சொத்து வழக்கோ, பாகப்பிரிவினையோ எதுவானாலும் யாராவது ஒருவர் அந்தப் பழுப்புத் தாளைப் படித்துச் சொல்ல வேண்டும். 1961க்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்களது வாரிசுகளும் போர்ச்சுகல் குடியுரிமை கோர அந்த நாட்டுச் சட்டம் இடம் தந்ததால், தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி வந்தவர்கள் ஏராளம். இந்த வேலைக்கு ஆள் தயாராக வேண்டிய இடம் இந்த வகுப்பறைதான்.

ஒத்த சொல் என்று பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை எவ்வளவு ஒத்தவை என்பதைத் தமிழர்களுக்கு விளக்கப் போர்ச்சுகீசியமே ஒரு உதாரணம் தந்திருக்கிறது. ‘ஜனேலா’ நம்மிடம் ஜன்னலாகவும் ‘ஷாவெ’ சாவியாகவும் வந்து சேர்ந்தன. இப்படி ஆசிய மொழிகளுக்குள் புகுந்த போர்ச்சுகீசியச் சொற்களைத் தேடித் தொகுத்து 1913ல் புத்தகமாக்கியவர் கோவாவின் அசகாவ் கிராமத்தில் பிறந்த பாதிரியார் செபஸ்தியாவ் ரொதோல்ஃபு தால்காது. சாவிக்கு ஒத்த சொல் திறவுகோல் என்று நம் பிள்ளைகள் எழுதி மார்க் வாங்குகிறார்கள். வெற்றிக்குத் திறவுகோல் உண்டு. ஸ்கூட்டருக்குத் திறவுகோல் கேட்டால் மெக்கானிக் சிரிப்பார்.

போர்ச்சுகீசிய வகுப்பில் மாணவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ‘தெரியும்’. ஆங்கிலத்தில் ஒரு சொல், தமிழிலும் ஒரு சொல். போர்ச்சுகீசியத்தில் ‘ஸபேர்’, ‘கொன்யெஸேர்’ என்று இரண்டு. சமைக்கத் தெரியும், விடை தெரியும் என்றால் முதலாவது. அவரைத் தெரியும், லிஸ்பன் நகரத்தைத் தெரியும் என்றால் இரண்டாவது. ஆங்கிலப் பொருளைப் பக்கத்தில் எழுதி இரண்டையும் ஒத்த சொல் என்று குறித்துக்கொண்ட மாணவர், ஒரு மனிதரைச் சமையல்போலக் கற்றுத் தேர்ந்ததாகச் சொல்லிவிடுவார். ‘வெல்யு’ என்ற சொல் இன்னும் பொல்லாதது. பழையது, வயதானது இரண்டும் அதுவே. நண்பர் என்ற சொல்லுக்கு முன்னால் வைத்தால் நெடுநாள் நண்பர். பின்னால் வைத்தால் கிழ நண்பர். முன்னதற்கு எதிர் புதிதாகக் கிடைத்தவர், பின்னதற்கு எதிர் இளைஞர். சொல் மாறவில்லை, உட்கார்ந்த இடம்தான் மாறியது.

எதிர்ச்சொல்லை மார்க்குக்காக இல்லாமல் கருவியாகவே பயன்படுத்தும் ஒரு வழக்கமும் உண்டு. பிரேசில் பள்ளிகளில் இது அரிச்சுவடிப் பாடம் மாதிரி. ‘மால்’, ‘மாவ்’ என்று இரண்டு சொற்கள். முதலாவது ‘மோசமாக’, இரண்டாவது ‘மோசமான’. பிரேசிலில் சொல்லின் கடைசி லகரத்தை உகரம்போல உச்சரிப்பதால் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும்; எழுதும்போது குழந்தைகள் குழம்புவார்கள். அதற்கு ஆசிரியர்கள் சொல்லித்தரும் உபாயம் எளிது. அந்த இடத்தில் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார். ‘பெம்’, அதாவது ‘நன்றாக’ பொருந்தினால் மால் என்று எழுது. ‘பொம்’, அதாவது ‘நல்ல’ பொருந்தினால் மாவ் என்று எழுது. லிஸ்பன் உச்சரிப்பைப் பின்பற்றும் கோவா மாணவருக்கு இந்த இரண்டும் காதிலேயே வேறுபட்டு விழுவதால் இந்தச் சங்கடம் குறைவு. இருந்தாலும் உபாயம் உபாயம்தான்; பெயரடையா வினையடையா என்று இலக்கண விளக்கம் சொல்வதை விட வேகமாக வேலை செய்கிறது.

அவருக்கு வேறு சங்கடங்கள் காத்திருக்கின்றன. போர்ச்சுகலின் மக்கள்தொகை ஒரு கோடிச் சொச்சம். பிரேசிலின் மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். பாடப் புத்தகம் லிஸ்பனிலிருந்து வரும், பாட்டும் தொலைக்காட்சித் தொடரும் பிரேசிலிலிருந்து வரும். ‘ரப்பரீகா’ என்றால் இளம்பெண் என்று லிஸ்பன் புத்தகம் சொல்லும். மெனீனா, மோஸா என்ற சொற்களோடு அதையும் ஒத்த சொல் வரிசையில் சேர்த்துக்கொண்ட மாணவர், பிரேசிலின் வடகிழக்கில் போய் ஒரு பெண்ணை அப்படிக் குறிப்பிட்டால் அடி விழலாம். அங்கே அது விலைமாதைக் குறிக்கும் வசை. ‘ப்ரொப்பீனா’ போர்ச்சுகலில் கல்லூரிக் கட்டணம்; பிரேசிலில் லஞ்சம். பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் ப்ரொப்பீனா கட்டியதாகச் சொல்லும் ஒருவரை ரியோ டி ஜெனிரோவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1990ல் லிஸ்பனில் கையெழுத்தான எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தம் இரு நாடுகளின் எழுத்துக்கூட்டலைப் பெருமளவு நெருக்கமாக்கியது. சொற்களின் பொருளில் அது கை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகள். பழைய பதிவேட்டில் அப்படிச் சிரித்துவிட முடிவதில்லை. ‘நத்துரால்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘அர்த்திஃபிசியால்’ என்று எந்த மாணவரும் எழுதுவார். இயற்கை, செயற்கை. ஆனால் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒருவரை ‘நத்துரால் மகன்’ என்று எழுதியிருந்தால் அவர் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர் என்று பொருள். அங்கே அதற்கு எதிர்ச்சொல் ‘லெஜீத்திமு’, முறைப்படி பிறந்தவர். அதே வரியில் ‘மட்காவைச் சேர்ந்தவர்’ என்று சொல்லவும் நத்துரால் என்ற அதே சொல் வரலாம்; அப்போது அது சொந்த ஊரைக் குறிக்கும், அவ்வளவுதான். இரண்டையும் மாற்றிப் படித்தால் ஒரு குடும்பத்தின் வாரிசு வரிசையே கலையும். 1976 அரசியல் சட்டத்துக்குப் பின் போர்ச்சுகலில் பிள்ளைகளிடையே இந்தப் பாகுபாடு சட்டப்படி கிடையாது. அங்கிருந்து வரும் இளம் ஆசிரியருக்கே இந்தப் பொருள் முதலில் நினைவுக்கு வராமல் போகலாம்.

நிலத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். போர்ச்சுகலின் 1867 சிவில் சட்டத் தொகுப்பு 1870 ஜூலை 1 முதல் கோவாவில் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் அதை 1966ல் கழற்றி வைத்துவிட்டுப் புதிய சட்டம் இயற்றிக்கொண்டது. இந்தியாவோடு இணைந்த கோவாவில் அது தொடர்ந்தது. அதன் வாரிசுரிமைப் பகுதிக்குப் பதிலாக மாநில அரசின் புதிய சட்டம் 2016ல் அமலுக்கு வந்தது. மூல நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018ல் மாநில அரசிதழில் வெளியானது. ஒன்றரை நூற்றாண்டாக அந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட தனித்தனிப் பத்திரங்களை மொழிபெயர்த்து வைத்தவர் யாருமில்லை.

அந்தத் தொகுப்பு ஓரிடத்தில் மூன்று சொற்களை ஒரே பொருளில் அடுக்குகிறது. எம்ப்ரஸமெந்து, அஃபொரமெந்து, என்ஃபித்தெயூஸ். நிலத்தின் உடைமையாளர் அதை அனுபவிக்கும் உரிமையை மட்டும் இன்னொருவருக்கு மாற்றித் தருகிறார்; பெற்றவர் ஆண்டுதோறும் ‘ஃபோரு’ என்ற நிர்ணயத் தொகையைச் செலுத்துகிறார். கொமுனிதாதெ எனப்படும் கோவாவின் கிராமச் சமுதாய நிலங்கள் பல இப்படித்தான் தனியார் கைக்குப் போயின. அகராதிக்காரர்கள் தேடி அலையும் அசல் ஒத்த சொற்கள் இவை மூன்றும். சட்டமே சமம் என்று சொல்லிவிட்டது. ஆனால் பக்கத்தில் ‘அரெந்தமெந்து’ என்று ஒன்று இருக்கிறது. ஒலியும் அஃபொரமெந்துவின் தம்பி மாதிரி. இரண்டுமே குத்தகை என்று சுருக்கமாகப் பொருள் எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. அரெந்தமெந்து காலவரையறை கொண்ட சாதாரணக் குத்தகை. அஃபொரமெந்து பரம்பரையாகத் தொடரக்கூடியது. குத்தகை, வாரம், போக்கியம் மூன்றையும் ஒத்த சொல் என்று தஞ்சாவூர் விவசாயி ஒருவரிடம் சொல்லிப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ, அதையேதான் கோவாவின் பத்திர எழுத்தரும் சொல்வார். போர்ச்சுகலில் 1976ல் அஃபொரமெந்து முறையையே ஒழித்துவிட்டார்கள். இன்றைய லிஸ்பன் மாணவருக்கு அது சரித்திரப் பாடத்துச் சொல்.

‘அரெந்தார்’ என்ற வினைச்சொல் இன்னொரு வேடிக்கை. குத்தகைக்கு விடுவதும் அரெந்தார், குத்தகைக்கு எடுப்பதும் அரெந்தார். தனக்குத்தானே எதிர்ச்சொல்லாக நிற்கும் சொல் இது. தமிழில் ‘விடு’, ‘எடு’ என்று துணைக்கு ஒரு வினை வந்து காப்பாற்றுகிறது. போர்ச்சுகீசியத்தில் யாருக்கு, யாரிடமிருந்து என்று பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன இடைச்சொற்களைப் பார்த்தால்தான் நிலம் எந்தப் பக்கம் போனது என்று தெரியும். தாள் மடிந்து அந்த இடத்தில் பூச்சி அரித்திருந்தால் அடுத்த வரியைத் தேட வேண்டியதுதான்.

இந்த மொழியைக் கற்பிப்பவர்களில் நன்றாகச் செய்பவர்கள் சொல்லைத் தனியாகக் கொடுப்பதில்லை. முழு வாக்கியம் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு ஒத்த சொல் என்று சொல்லப்படுவதைப் போடச் சொல்கிறார்கள். வாக்கியம் எங்கே இடறுகிறது என்று வகுப்பே கண்டுபிடிக்கிறது. நேரம் பிடிக்கும் முறை இது. வாரத்துக்குச் சில பீரியடுகளே கிடைக்கும் மூன்றாம் மொழிக்கு அவ்வளவு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் 40 சொற்களை எதிர்ச்சொல்லோடு உருப்போடும் நேரத்தில் ஐந்து சொற்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். மிச்சம் 35ஐ அகராதி பார்த்துக்கொள்ளும். கைபேசியிலேயே இலவச அகராதிகள் இருக்கின்றன.

அகராதி பார்த்துக்கொள்ளாத சொல் ஒன்று. ‘ப்ரேதியு’ என்றால் இன்றைய பேச்சில் கட்டடம். பிரேசிலில் அடுக்குமாடிக் கட்டடம். ‘ருஸ்திகு’ என்றால் நாட்டுப்புறத்தது. கோவாவின் பழைய பதிவுகளில் இரண்டும் சேர்ந்து ‘ப்ரேதியு ருஸ்திகு’ என்று அடிக்கடி வரும். நாட்டுப்புறக் கட்டடம் என்று மொழிபெயர்த்துவிட்டு மாணவர் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போவார். 1867 சட்டத்தில் ப்ரேதியு என்றால் அசையாச் சொத்து. ‘உர்பானு’ என்று சேர்த்தால் மண்ணில் எழுப்பிய கட்டடம். அது கிராமத்தில் இருந்தாலும் உர்பானுதான். ருஸ்திகு என்று சேர்த்தால் வெறும் நிலம். பதிவில் அதற்கு அடுத்து வரும் ‘பல்மார்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர் மறுபடி மேலே போய்த் தான் கட்டிய கட்டடத்தை அடித்துவிட்டுத் திருத்த வேண்டியிருக்கும். பல்மார் என்பது தென்னந்தோப்பு.