எண்ணெயில் கோடு, நீரில் வண்ணம்

மெல்லிய கம்பியொன்றில் நான்கு பறவைகள் வாய் திறந்து நிற்கின்றன. கம்பியோடு கையால் சுற்றும் பிடி ஒன்று இணைந்திருக்கிறது. பிடியைச் சுற்றினால் பறவைகள் பாடும் என்பது ஏற்பாடு. பால் கிளே 1922-இல் வரைந்த ‘கீச்சிடும் இயந்திரம்’ இது. பின்னணியில் நீலமும் இளஞ்சிவப்பும் நீர்வண்ணமாய்க் கசிந்து பரவியிருக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் துளியும் கரையாமல் நிற்கின்றன.

காரணம், அந்தக் கோடுகள் எண்ணெயால் ஆனவை. மெல்லிய தாள் ஒன்றில் கிளே கறுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பூசுவார். அது பாதி உலர்ந்து பிசுபிசுப்பாக இருக்கும்போது, பூசிய பக்கம் கீழே இருக்கும்படி வெற்றுத் தாள்மேல் கவிழ்ப்பார். அதற்கும் மேலே, முன்பே வரைந்த கோட்டோவியத்தை வைத்து, கூரிய ஊசியால் கோடுகளின்மேல் அழுத்தி இழுப்பார். கார்பன் தாளில் எழுதுவது போலத்தான். கோடு அடித்தாளில் பதியும்; உள்ளங்கை அழுந்திய இடங்களில் கறுப்புத் திட்டுகளும் விழும். அவற்றை அவர் அழிக்கவில்லை. பிறகு நீர்வண்ணம் பூசுவார். எண்ணெயில் நீர் ஒட்டாததால் கோடு கலையாது.

இப்படிப் பதிந்த கோட்டுக்கு ஓரங்கள் சற்றே மங்கலாக, நடுங்குவது போல இருக்கும். பாதி உயிர், பாதி இயந்திரம் என அவர் படைத்த பறவைகளுக்கும் தேவதைகளுக்கும் அந்த நடுக்கமே உயிர். 1920-இல் வரைந்த ‘ஆங்கெலுஸ் நோவுஸ்’ தேவதையும் இம்முறையில் பிறந்ததுதான்.

கிளே 1879-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருகே பிறந்தவர். தந்தை இசை ஆசிரியர். மகனும் வயலின் கலைஞர். ஓவியங்களில் வண்ணங்கள் படிப்படியாக ஏறி இறங்குவதில் அந்த இசைப்பயிற்சி தெரியும். 1914-இல் துனீசியா சென்றபோது வண்ணம் அவருக்கு வசப்பட்டது. 1921 முதல் 1931 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்தார். சுண்ணப் பூச்சிட்ட மெல்லிய துணி, சாக்கு, செய்தித்தாள் என எதன்மேலும் வரைந்து பார்த்தார்.

பௌஹவுஸுக்குப் பின் வேறொரு கலைப்பள்ளியில் கற்பித்துவந்த அவரை 1933-இல் நாஜிகள் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கினர். அவர் பெர்னுக்குத் திரும்பினார். 1935-இல் தொடங்கிய தோல் நோய் உடலை இறுக்கியது. கோடுகள் தடித்தன, வடிவங்கள் எளிமையாயின. ஆனாலும் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1939-இல் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் முடித்தார். சொல்ல வந்த பொருளுக்கும் கைக்கும் ஏற்ற ஊடகத்தைக் கடைசிவரை தேடிக்கொண்டே இருந்ததுதான் கிளேயின் பெரும் பலம்.