வென்டிலேட்டர் பில்: முதல் நாளே கேட்க வேண்டியவை

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் பார்வை போகும், மூச்சு நின்றுபோகும். மூச்சுக்கு வென்டிலேட்டர், விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ் என இரண்டும் சேர்ந்து தேவைப்படலாம். சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அரசு தலா 50,000 ரூபாய் அறிவித்தது.

தனியார் ஐசியூவில் அந்தத் தொகை எத்தனை நாள் வரும்? 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக அரசே நிர்ணயித்த கட்டணம், வென்டிலேட்டருடன் நாளொன்றுக்கு 35,000 ரூபாய். அந்தக் கணக்கில் ஒன்றரை நாள்கூடத் தாங்காது.

இவ்வளவும் மெஷினுக்கான வாடகை என்று நினைக்க வேண்டாம். வென்டிலேட்டரில் இருப்பவர் பக்கத்தில் மூன்று ஷிப்டும் நர்ஸ் இருந்தாக வேண்டும். தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சோதனை திரும்பத் திரும்ப நடக்கும். மயக்க மருந்து, ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே எல்லாம் தனித்தனி வரியாக பில்லில் ஏறும்.

செலவு முதல் நாளில்தான் உச்சம். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வென்டிலேட்டர் நோயாளிக்கு முதல் நாள் சுமார் 10,800 டாலர். மூன்றாம் நாளிலிருந்து சுமார் 4,000. அதனால், 'ஒரு நாள் தனியாரில் பார்த்துவிட்டு ஜி.எச்.சுக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைக்கும் குடும்பம், இருப்பதிலேயே விலை கூடிய நாளைத்தான் வாங்குகிறது. உப்பளக் கூலியில் ஓடும் வீட்டுக்கு, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கடனைத் தீர்மானித்துவிடுகிறது. உயிர் தாங்கும் தூரத்தில் அரசு மருத்துவமனை இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

தனியார்தான் என்றாகிவிட்டால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அட்மிஷன் போடும்போதே நீட்டுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாகவும் பட்டியலில் உள்ள சிகிச்சையாகவும் இருக்க வேண்டும். 'இதற்கு அப்ரூவல் கிடைக்குமா?' என்று காப்பீட்டுப் பிரிவில் அன்றைக்கே கேளுங்கள். சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம்: 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; 1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமானது.

பணம் தீர்ந்ததும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. தேறக்கூடியவரை அப்படி இழப்பது கொடுமை. தேறவே வழியில்லை என்றால் சட்டம் வேறு பாதை வைத்திருக்கிறது: உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023 ஜனவரியில் எளிமையாக்கிய நடைமுறைப்படி, இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து, குடும்பமும் சம்மதித்தால் கருவிகளை விலக்கலாம். எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தினமும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அன்றன்றைய பில்லையும் வரிவரியாக வாங்கி வையுங்கள்; அது உங்கள் உரிமை.