கடலில் ஆதரவு, மலையில் எதிர்ப்பு: சுற்றுச்சூழல் விஷயத்தில் கேரளத் திருச்சபை எந்தப் பக்கம்?

2022-ம் ஆண்டின் பிற்பகுதி. கேரளாவில் ஒரே நேரத்தில் இரண்டு போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இரண்டிலும் முன்வரிசையில் நின்றவர்கள் கத்தோலிக்கப் பாதிரியார்கள்.

முதலாவது, திருவனந்தபுரத்தை ஒட்டிய விழிஞ்ஞத்தில். அதானி குழுமம் கட்டிவந்த துறைமுகத்தால் கடற்கரை அரிக்கப்படுகிறது, வேலையை நிறுத்திவிட்டு முறையாக ஆய்வு செய்யுங்கள் என்று லத்தீன் பேராயத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, இடுக்கி, வயநாடு, கோழிக்கோடு மாவட்டங்களின் மலைப்பகுதிகளில். தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டருக்குச் சூழல் பாதுகாப்பு மண்டலம் வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூன் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கேரளாவில் 'பஃபர் ஸோன்' என்றால் எல்லோருக்கும் புரியும். அது வேண்டவே வேண்டாம் என்று அங்குள்ள மறைமாவட்டங்கள் விவசாயிகளைத் திரட்டிக்கொண்டிருந்தன.

கடலில் 'இயற்கையைக் காப்பாற்று', மலையில் 'இயற்கையின் பெயரால் எங்களைத் துரத்தாதே'. போப் ஒருவர், பைபிளும் ஒன்றுதான். பிறகு எப்படி இந்த முரண்? இரட்டை வேடம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால், விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

பைபிள் என்னதான் சொல்கிறது?

இந்தச் சண்டைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1967-ல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் பூமியை அடக்கி ஆள வேண்டும் என்ற எண்ணத்தை மேற்குலகின் மனதில் விதைத்தது கிறிஸ்தவம்தான், எனவே சூழல் நெருக்கடியில் அதற்குப் பெரும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்குத் தரும் ஆளுகைதான் வாதத்தின் மையம்.

அதே ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான் மனிதன் அங்கே வைக்கப்படுகிறான் என்று இருக்கிறதே என்பது திருச்சபைகளின் பதில். லின் ஒயிட்டும் மதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அசிசியின் புனித பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கட்டுரையை முடித்தார். 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதையே அதிகாரபூர்வமாக அறிவித்தார். 2013-ல் போப் ஆனவர் அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார்.

அந்த போப் பிரான்சிஸ் 2015 ஜூனில் வெளியிட்ட சுற்றுமடல்தான் 'லவுதாத்தோ சி'. தமிழில் 'இறைவா உமக்கே புகழ்'. ஆதியாகமத்தைக் கிறிஸ்தவர்கள் சில நேரம் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். இன்னும் முக்கியமாக, நிலம் படும் பாட்டையும் ஏழை படும் பாட்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்கிறார். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்றும் சொல்கிறார். அதாவது, 'மரம் நடுவோம்' வகைக் கடிதம் அல்ல. யார் கெடுத்தார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்று கணக்குக் கேட்கும் கடிதம்.

அந்தக் கணக்கைக் கேரளாவில் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

கடற்கரை: பாதிரியார்கள் கடலுக்கு வந்த கதை

விழிஞ்ஞம் திடீரென்று முளைத்த போராட்டம் அல்ல. 1980-களில் விசைப்படகுகளின் இழுவலை மீன்வளத்தை அடியோடு வாரிச் சென்றபோது, நாட்டுப்படகு மீனவர்களோடு சேர்ந்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் தெருவில் இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த நெருக்கடியால்தான் 1988-ல் கேரள அரசு மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை போட்டது.

அந்தக் காலத்தின் முக்கிய முகம், தேசிய மீனவர் பேரவையின் தலைவராக இருந்த அருட்தந்தை தாமஸ் கோச்சேரி. 1989-ல் அந்தப் பேரவை கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் கன்னியாகுமரியை நோக்கிப் பயணம் நடத்தியது. தண்ணீரைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றுதான் என்பது அதன் முழக்கம். மே 1-ம் தேதி கன்னியாகுமரியில் நடந்த நிறைவுக் கூட்டம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் கலைந்தது. பின்னாளில் ஓர் அமெரிக்க அறக்கட்டளை விருது கொடுக்க முன்வந்தபோது, அதன் பணம் எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்தது என்று சொல்லி மறுத்தவர் கோச்சேரி. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் 2011-ல் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாரம்பரியம் புதிதல்ல.

விழிஞ்ஞத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்தான் வடக்கே மணல் சேர விடாமல் தடுத்து ஊர்களைக் கடலுக்குக் கொடுக்கிறது என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. புயல்களும் பருவநிலை மாற்றமும்தான் காரணம் என்பது அரசு, நிறுவனத் தரப்பின் பதில். எது எப்படியோ, வீட்டைக் கடலிடம் இழந்த குடும்பங்கள் வலியதுறையில் பழைய கிடங்குகளில் தடுப்பு கட்டி வருடக்கணக்கில் வாழ்ந்தன. 2018 வெள்ளத்தில் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் உள்நாட்டு மக்களைக் காப்பாற்றியவர்கள் இந்தக் கடற்கரைக்காரர்கள்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2022 ஆகஸ்ட் 16 முதல் துறைமுக வாசலில் மறியல் நடந்தது. துறைமுகம் வேண்டும் என்று உள்ளூரிலேயே எதிர்ப் போராட்டமும் எழுந்தது. நவம்பர் கடைசியில் மோதல் வெடித்து, காவல் நிலையம் தாக்கப்பட்டது. பேராயர் பெயரும் வழக்கில் சேர்ந்தது. ஒரு பாதிரியார் அமைச்சரின் பெயரை வைத்து மதரீதியாகப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். நீதிக்காக நிற்கிறோம் என்று சொன்ன மேடைக்கு அது பெரிய அசிங்கம்.

டிசம்பர் 6-ம் தேதி போராட்டம் வாபஸ். கட்டுமானத்தை நிறுத்த வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. வீடிழந்தவர்களுக்கு மாத வாடகை 5,500 ரூபாய் தர அரசு ஒப்புக்கொண்டது. அதானி நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 2,500 சேர்த்து 8,000 ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்றது போராட்டக் குழு.

மலை: அங்கேயும் ஏழைகள்தானே போனார்கள்?

மலைக்குப் போனால் கதை வேறு. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சீரோ மலபார் திருச்சபையைச் சேர்ந்த குடியேறிய விவசாயிகள். ரோமுக்குக் கட்டுப்பட்டதே என்றாலும், கடற்கரையின் லத்தீன் திருச்சபையிலிருந்து வழிபாட்டிலும் நிர்வாகத்திலும் வேறானது. சாதி அந்தஸ்திலும் இரண்டு சமூகங்களுக்கும் இடையில் இடைவெளி உண்டு. இதை வெளியில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

திருவிதாங்கூரிலிருந்து 1920-கள் தொட்டே மலைகளுக்குக் குடியேற்றம் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோது, காட்டை வெட்டிப் பயிர் செய்யச் சொல்லி அரசே ஊக்கப்படுத்தியது. போனவர்களில் பலரை மலேரியா கொண்டுபோனது. பிழைத்தவர்கள் மிளகும் ஏலமும் நட்டார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். அரசு வராத இடத்தில் பாதிரியார்தான் அரசாங்கம்.

1961-ல் இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டு, குமுளி அருகே அமராவதியில் கொட்டும் மழையில் இறக்கிவிடப்பட்டன. அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளராகப் பெயர் பெற்ற அருட்தந்தை ஜோசப் வடக்கன் அவரோடு கைகோத்தார். மலை விவசாயியின் மனதில் பதிந்திருக்கும் படம் இதுதான்: அரசு வரும், வெளியேறு என்று சொல்லும், கோயில் மட்டும் கூட நிற்கும்.

இந்த நினைவின் மேல்தான் மாதவ் காட்கில் குழு அறிக்கை வந்து விழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அந்த அறிக்கை 2011-ல் மத்திய அரசிடம் கொடுக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2012-ல்தான் வெளியே வந்தது. கல்குவாரிகளுக்குக் கட்டுப்பாடு, செங்குத்துச் சரிவில் ஒருபோகப் பயிருக்குப் பதில் நீண்டகாலப் பயிர், எதையும் கிராம சபையைக் கேட்டு முடிவு செய்வது என்று அதில் இருந்தது. ஆனால் அது தடிமனான ஆங்கில அறிக்கை. மலையில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 'வீட்டை விட்டுத் துரத்தப்போகிறார்கள்' என்ற பேச்சு அறிக்கையைவிட வேகமாகப் பரவியது. பட்டா இல்லாத நிலத்தில் இருப்பவனுக்கு அந்தப் பயம் பொய்யான பயமும் அல்ல.

அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, பாதுகாக்க வேண்டிய பரப்பை மலைத்தொடரின் 37 சதவீதமாகச் சுருக்கியது. சுரங்கம், குவாரி, அனல் மின் நிலையம், பெரிய கட்டடங்களுக்குத்தான் தடை; விவசாயத்துக்கு அல்ல. கேரளாவில் 123 கிராமங்கள் அதன் கீழ் வந்தன. 2013 நவம்பரில் மத்திய அரசு அதைச் செயல்படுத்த உத்தரவு போட்டதும் மலை கொதித்தது. தாமரசேரியில் வனத்துறை அலுவலகம் எரிந்தது.

குவாரி முதலாளிகளும் சொகுசு விடுதிக்காரர்களும் விவசாயியின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்று சூழலியலாளர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். தடைப் பட்டியலைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நியாயம்தான்.

அன்று இடுக்கி எம்.பி. காங்கிரஸின் பி.டி.தாமஸ். இடுக்கி மண்ணில் பிறந்த கத்தோலிக்கர். காட்கில் அறிக்கை சரிதான் என்று வெளிப்படையாகப் பேசினார். விளைவு, அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் போலி சவ ஊர்வலம் நடந்தது. அதில் பாதிரியார்களும் கலந்துகொண்டார்கள். 2014 தேர்தலில் கட்சி அவருக்கு சீட் தரவில்லை. திருச்சபை ஆதரவு பெற்ற ஹைரேஞ்ச் பாதுகாப்புக் குழுவின் வேட்பாளர், இடதுசாரிகளின் துணையோடு அங்கே ஜெயித்தார்.

போப்பின் சுற்றுமடல் வந்தது இதற்கு அடுத்த வருடம். அது கையில் இருந்த பிறகும் 2022-ல் மலையின் நிலைப்பாடு மாறவில்லை. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தன் உத்தரவைத் தளர்த்திக்கொண்டது.

கோயில் பதிவேட்டில் இல்லாதவர்கள்

ஆக, கடலிலும் மலையிலும் திருச்சபை செய்தது அடிப்படையில் ஒரே காரியம்தான். தன் மக்களோடு நின்றது. கடலில் தன் மக்களின் நலனும் கடலின் நலனும் ஒரே பக்கம் இருந்தன. மலையில் அப்படி இல்லை. ஆனால் சுற்றுமடல் கேட்கும் கேள்வி 'உன் மக்கள் யார்?' என்பதல்ல. அந்த இடத்தில் மிகவும் ஏழை யார் என்பது.

மலையில் அது பட்டாவுக்குப் போராடும் விவசாயியா? அவரைவிடவும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். பழங்குடிகளிடமிருந்து கைமாறிய நிலத்தைத் திருப்பித் தரக் கேரளா 1975-லேயே சட்டம் போட்டது. இரண்டு தசாப்தங்களுக்கு மேல் அதைச் செயல்படுத்தாமலே வைத்திருந்து, 1999-ல் வேறு சட்டம் கொண்டுவந்தது. குடியேறியவர்களின் ஓட்டு பலத்துக்கு முன்னால் பழங்குடிகளின் பக்கம் நிற்க எந்தப் பெரிய கட்சிக்கும் தைரியம் இல்லை. திருச்சபையிலும் அவர்களுக்காக உழைத்த தனிமனிதர்கள் உண்டு. ஆனால் மலையை ஸ்தம்பிக்க வைத்த அந்தத் திரள் அவர்களுக்காக ஒருமுறையும் திரளவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். தலைமுறைகளாக மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். அறிக்கையை அமல்படுத்தியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காட்கிலுக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று நடந்த இத்தனை வருடச் சண்டையில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கலாம்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை சரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாளே மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிக்கையை மீண்டும் வெளியிட்டது. அது ஆறாவது வரைவு. முந்தையவற்றில் ஒன்றுகூட இறுதியாகவில்லை.

கடற்கரையில், விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் 2025 மே 2-ம் தேதி திறந்துவைத்தார். மூன்று வாரம் கழித்து, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்து சிதறிய வெள்ளை பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையிலும், கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின.

பி.டி.தாமஸ் 2021 டிசம்பர் 22-ல் காலமானார். தன் உடலுக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று அவர் எழுதிவைத்திருந்தபடி, கொச்சியில் உடல் எரிக்கப்பட்டது. சில நாள் கழித்து அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி இடுக்கிக்கு ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, சொந்த ஊரான உப்புதோட்டில் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அம்மாவின் கல்லறைக்குள் வைக்கப்பட்டது.